வட்டியில் வெட்டிய பத்து வீதம் திரும்ப வருமா?

பென்சன்காரர் பக்கம்: வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் பதினொரு கடிதங்கள் வந்தன. அதில் எட்டு வரியைப் பற்றியவை. மார்ச் மாதம் என்றால் இப்படித்தான். 31ஆம் திகதியோடு வரி ஆண்டு முடிகிறது என்ற செய்தி எங்கோ காதில் விழும், உடனே எல்லோருக்கும் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும்.

பதினொன்றில் ஒரு கடிதம் முழுதாக இல்லை. விறாந்தைக் கட்டுச்சுவரின் மேல் கடிதங்களை வைத்து, மேலே மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் கட்டுக்கு மேலாலே கழுத்தை நீட்டி ஒரு மான் அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும்: திருகோணமலை மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பவை அல்ல. வீதிக்கு வரும், வாசலுக்கு வரும், கடதாசியும் தின்னும். அந்தக் கடிதத்துக்கும் பதில் உண்டு, இரண்டாவதாக வருகிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். அரச ஓய்வூதியம் மாதம் 71,000 ரூபா. கொமியூட்டட் பணமும் (ஓய்வுபெறும்போது மொத்தமாகக் கிடைத்தது) சேமிப்புமாக 90 இலட்சம் ரூபாவை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டிருக்கிறேன். மாதம் 60,000 வரவேண்டும், 54,000தான் வருகிறது. “அந்தப் பத்து வீதத்தோடு உங்கள் வரி முடிந்தது” என்கிறார் மருமகன். “இல்லை அப்பா, பென்சனையும் கூட்டிப் பார்த்து இன்னும் கேட்பார்கள்” என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
— உவர்மலை வாசகர்

பதில்: மாஸ்டர், இரண்டு பேர் சொல்வதும் பிழை. வீட்டில் சண்டை வரவேண்டாம், இந்தப் பக்கத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் மகளுக்கு. இலங்கை அரசாங்கம் தருகிற ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அதை விலக்கு அளித்த வருமானங்களில் சேர்த்திருக்கிறது. விலக்கு என்றால், குறைத்துக் கணக்கிடுவது என்று பொருளில்லை, அது கணக்குக்கே வராது. ஆகவே உங்கள் 71,000ஐப் பன்னிரண்டால் பெருக்கி வட்டியோடு கூட்டிப் பார்க்கத் தேவையில்லை. இறைவரித் திணைக்களத்தின் கண்ணுக்கு உங்கள் வருமானம் வட்டி மட்டும்தான்: ஆண்டுக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம்.

இப்போது மருமகனுக்கு. வங்கி வெட்டுகிற பத்து வீதம் உங்கள் வரி அல்ல. அது முன்கூட்டிப் பிடித்து வைக்கிற பணம். உண்மையான வரி எவ்வளவு என்பது ஆண்டு முடிந்து மொத்த வருமானத்தைப் பார்த்தால்தான் தெரியும். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்குத் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடுகிற தொகை, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. அதற்கு மேலே போகிற முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், அப்புறம் 24, 30 என்று ஏறி 36 வீதத்தில் நிற்கும். உங்கள் 7 இலட்சத்து 20 ஆயிரம் அந்த 18 இலட்சத்தில் பாதிகூட இல்லை. ஆகவே நீங்கள் கட்டவேண்டிய வரி பூச்சியம். கட்டிக்கொண்டிருப்பது ஆண்டுக்கு 72,000.

இதில் சனம் குழம்புவதற்குச் சனத்தைக் குறைசொல்ல முடியாது. 2018இல் தனிநபர் நிவாரணம் 5 இலட்சம். 2020இல் 30 இலட்சமாக ஏறியது, வட்டியில் வெட்டுவதும் நின்றது. 2023இல் 12 இலட்சமாக இறங்கியது, வெட்டும் 5 வீதமாகத் திரும்பி வந்தது. 2025 ஏப்ரலில் நிவாரணம் 18 இலட்சம் ஆனது, வெட்டு 10 வீதம் ஆனது. ஏழு வருடத்துக்குள் இத்தனை தடவை மாறினால் யார்தான் நினைவில் வைத்திருப்பது? சென்ற மாதம் கடற்கரையில் நடக்கும்போது ஒரு நண்பர் எனக்கு ஆணித்தரமாக விளக்கியது 2019ஆம் ஆண்டுச் சட்டம். நான் மறுத்துப் பேசவில்லை, அவருக்கு இரத்த அழுத்தம்.

சரி, என்ன செய்வது? வங்கியில் சுயபிரகடனப் படிவம் ஒன்று இருக்கிறது. “இந்த வரி ஆண்டில் என் மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது” என்று நீங்களே எழுதிக் கையெழுத்து வைக்கிற படிவம். தேசிய அடையாள அட்டை இலக்கமும் டின் எனப்படும் வரி அடையாள இலக்கமும் கேட்பார்கள். கொடுத்த பிறகு வெட்டு நிற்கும். ஆனால் அது அந்த ஆண்டுக்கு மட்டும். ஏப்ரல் பிறந்ததும் புதிதாகக் கொடுக்கவேண்டும். வைப்பு எத்தனை வங்கியில் இருக்கிறதோ அத்தனை வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும்.

இந்தக் கடைசி வசனத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். முப்பத்தொரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்து மற்றவனின் கூட்டல் பிழைக்குச் சிவப்பு மை போட்டவன் நான். சென்ற ஏப்ரலில் ஒரு வங்கியில் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னொரு வங்கியில் 25 இலட்சம் கிடந்தது நினைவுக்கு வரவில்லை. யூலையில் காலாண்டு வட்டி 50,000 வரவேண்டிய இடத்தில் 45,000 வந்தது. கவுண்டரில் இருந்த பிள்ளை வட்டிச் சீட்டைத் திருப்பி, ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த ‘டபிள்யூ.எச்.டி. 5,000’ (பிடித்துவைத்த வரி) என்ற இடத்தில் பேனா நுனியை வைத்து, “அங்கிள், நீங்கள் போம் தரவில்லையே” என்றது. என் பெண்சாதி அதை இன்றைக்கும் வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்கிறா.

ஏற்கனவே வெட்டிய பணம்? போகவில்லை. ஆண்டு முடிந்த பிறகு வருமான விவரத்திரட்டு (ஆண்டு வருமானத்தை இறைவரிக்குக் காட்டுகிற படிவம்) நிரப்பி, பிடித்த வரியைக் காட்டி மீளக் கேட்கலாம். நவம்பர் 30 வரை காலம் உண்டு. அதற்கு வங்கி தருகிற வரி பிடித்த சான்றிதழ் வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, தீர்வைச் சிட்டைகள் வைக்கிற அதே கோப்பில் வையுங்கள். உடனே பணம் வந்து விழுமென்று நினைக்கவேண்டாம். அதனால்தான் ஏப்ரலில் படிவம் கொடுப்பது நல்லது என்கிறேன்.

ஒரு சின்ன விஷயம் கூடவே. உங்கள் கடிதத்தின் கீழே, 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனி வரம்பு இருப்பதாக யூடியூபில் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தியச் சட்டம், மாஸ்டர். தமிழில் சொல்கிறார்கள் என்பதற்காக நமக்குச் செல்லாது. இங்கே 25 வயதுக்காரனுக்கும் உங்களுக்கும் அதே 18 இலட்சம்தான்.

கேள்வி: தனியார் கம்பனியில் 28 வருடம் வேலை செய்து இந்த மாதம் ஓய்வு பெறுகிறேன். கடைசிச் சம்பளம் 1,50,000. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணமும் பணிக்கொடை … இலட்சமும் வரும். எல்லாம் சேர்த்து 1 கோடி 50 இலட்சம். இதில் வரி வெட்டுவார்களா? வங்கியில் இரண்டு வருட வைப்பில் போட்டு வட்டியை முடிவில் மொத்தமாக எடுத்தால் 9 வீதம், வருடா வருடம் எடுத்தால் 8.5 வீதம் என்கிறார்கள். எது நல்லது?
— பாலையூற்று வாசகர்

பதில்: புள்ளி போட்ட இடம் மான் தின்ற இடம். பரவாயில்லை, தொகையை மானின் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 75,000ஐ 28ஆல் பெருக்கினால் 21 இலட்சம். பணிக்கொடை போன்ற ஓய்வுகாலக் கொடுப்பனவுகளுக்கு முதல் 1 கோடி வரை வரி வீதம் பூச்சியம். அடுத்த கோடிக்கு 6 வீதம், அதற்கு மேலே 12. உங்கள் 21 இலட்சம் முழுதாகக் கைக்கு வரும். ஈ.பி.எஃப். பணத்திலும் வெட்டு இல்லை. அந்த நிதியம் தன் முதலீட்டு வருமானத்துக்கு 14 வீதம் வரி தானே கட்டிவிட்டுத்தான் உங்களுக்கு வட்டி போடுகிறது.

ஆக, வருகிற பணத்துக்கு வரி இல்லை. அந்தப் பணம் போடுகிற குட்டிக்குத்தான் வரி. உங்கள் இரண்டாவது கேள்வி அதனால்தான் எனக்குப் பிடித்துப்போனது. இரண்டு இரவு கல்குலேட்டரோடு உட்கார்ந்தேன்.

சம்பளம், வட்டி போன்றவற்றைத் தனிமனிதர் கணக்குக் காட்டவேண்டியது கைக்கு வந்த ஆண்டில். வட்டி எந்த ஆண்டில் ஊறியது என்பது கேள்வியில்லை. இரண்டு வருட வட்டியை முடிவில் எடுத்தால் 27 இலட்சமும் ஒரே ஆண்டில் உங்கள் தலையில் விழும். 18 இலட்சம் போக மிச்சம் 9 இலட்சம். அதற்கு 6 வீதம் 54,000 ரூபா வரி. அதோடு அந்த ஆண்டில் சுயபிரகடனமும் கொடுக்க முடியாது, ஏனென்றால் வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டுகிறது. வங்கி 2 இலட்சத்து 70 ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். 54,000 போக மிச்சம் 2 இலட்சத்து 16 ஆயிரத்தை விவரத்திரட்டுப் போட்டு நீங்கள் கேட்டு வாங்கவேண்டும்.

வருடா வருடம் எடுத்தால் 12 இலட்சத்து 75 ஆயிரம், இரண்டு ஆண்டும் 18 இலட்சத்துக்குக் கீழே, வரி இல்லை, படிவமும் கொடுக்கலாம். ஆனால் மொத்தம் 25 இலட்சத்து 50 ஆயிரம்தான். வரி கட்டிய பிறகும் முதல் வழியில் 26 இலட்சத்து 46 ஆயிரம் மிஞ்சுகிறதே! வரிக்குப் பயந்து வட்டியை விடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். முதல் வருட வட்டியைச் செலவழிக்காமல் அதே 8.5 வீதத்துக்குத் திரும்பப் போட்டால் இன்னும் 1,08,375 வரும், அப்போது மொத்தம் 26,58,375. பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தால் இரண்டாவது வழி வெல்கிறது. ஆனால் ஓய்வு பெற்ற முதல் வருடத்தில் 12 இலட்சத்தைத் தொடாமல் இருந்த ஆளை நான் இன்னும் காணவில்லை. வீட்டுக் கூரை அதுவரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு அந்த வருடம்தான் ஒழுகும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தை இரண்டாகப் பிரிப்பேன். 75 இலட்சம் ஒரு வருடத்துக்கு, 75 இலட்சம் இரண்டு வருடத்துக்கு. முதிர்வுத் திகதிகள் வெவ்வேறு வரி ஆண்டில் விழவேண்டும். இரண்டு வருட வைப்பின் வட்டி 13 இலட்சத்து 50 ஆயிரம், அது தனியாக ஒரு ஆண்டுக்குள் அடங்கும். ஒரு வருட வைப்பு முதிர்ந்ததும் திரும்பப் போடும்போது அதன் வட்டி எந்த ஆண்டில் கைக்கு வரும் என்று பார்த்துப் போடுங்கள். மார்ச் 31இல் முதிர்வதும் ஏப்ரல் 1இல் முதிர்வதும் உங்களுக்கு ஒரு நாள் வித்தியாசம், இறைவரிக்கு ஒரு வருட வித்தியாசம். வைப்புச் சான்றிதழில் கையெழுத்து வைக்கும் முன்பு அந்தத் திகதியை விரலால் தொட்டு வாசியுங்கள்.

“பாதியை மனைவி பெயரில் மாற்றினால் என்ன?” என்று கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள் (அந்தப் பக்கம் தப்பியது). கணவனும் மனைவியும் வரிக்குத் தனித்தனி ஆட்கள், ஆளுக்கு 18 இலட்சம் நிவாரணம் என்பது உண்மை. அவரது சொந்தச் சேமிப்பென்றால் அவர் பெயரில் இருப்பதுதான் முறையும். ஆனால் வரியைக் குறைப்பதற்கென்றே வருமானத்தைப் பிரித்தால் அதைத் திருத்திக் கணக்கிடச் சட்டம் இறைவரி ஆணையாளருக்கு இடம் கொடுத்திருக்கிறது. 54,000 ரூபாவுக்காக அந்த வாசலில் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: உப்புவெளியில் உள்ள வீட்டை ஒரு நிறுவனத்துக்கு மாதம் 1,20,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் 12,000ஐக் கழித்துவிட்டுத் தருகிறார்கள். வைப்பு வட்டி ஆண்டுக்கு 9 இலட்சம், அதிலும் 10 வீதம் போகிறது. அரச ஓய்வூதியமும் உண்டு. எங்கே பார்த்தாலும் வெட்டு!
— வாசகி, திருகோணமலை நகரம்

பதில்: அக்கா, வெட்டு சரி. மாத வாடகை 1,00,000 ரூபாவைத் தாண்டினால் பத்து வீதம் பிடித்துத்தான் தரவேண்டும். ஆனால் நீங்கள் கோபப்படவேண்டியது வெட்டியதற்கு அல்ல, இதுவரை திருப்பிக் கேட்காமல் இருந்ததற்கு.

வாடகை 14 இலட்சத்து 40 ஆயிரம், வட்டி 9 இலட்சம், மொத்தம் 23 இலட்சத்து 40 ஆயிரம். 18 இலட்சத்தைத் தாண்டுவதால் உங்களுக்குச் சுயபிரகடனம் கிடையாது. ஆனால் வாடகை வருமானத்தில் நான்கில் ஒரு பங்கை வீட்டுத் திருத்தவேலை, பராமரிப்பு என்ற வகையில் கழிக்கலாம். சிட்டை காட்டத் தேவையில்லாத கழிவு அது. அது 3 இலட்சத்து 60 ஆயிரம். 18 இலட்சத்தோடு சேர்த்தால் 21 இலட்சத்து 60 ஆயிரம். மிச்சம் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு 6 வீதம்: 10,800 ரூபா.

உங்களிடம் பிடித்தது வாடகையில் 1,44,000, வட்டியில் 90,000. ஆக 2,34,000 பிடித்த இடத்தில் உங்கள் வரி 10,800. மீதி 2,23,200 ரூபாவை விவரத்திரட்டில் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தரவேண்டிய சான்றிதழை இப்போதே கேட்டு வையுங்கள், அவர்கள் வீடு மாறிய பிறகு தேடி அலையாதீர்கள்.

கூரையில் சோலர் போடுகிற யோசனை இருக்கிறதா? தேசிய மின் வலையமைப்போடு இணைத்தால் அந்தச் செலவில் ஆண்டுக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம். அப்போது அந்த 10,800உம் இல்லை. ஆனால் 10,800ஐ மிச்சம்பிடிக்கச் சோலர் போடாதீர்கள், மின்கட்டணத்துக்காகப் போடுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிற மகன் மாதம் 80,000 ரூபா அனுப்புகிறான். இதற்கு நான் வரி கட்டவேண்டுமா?
— நிலாவெளி வாசகர்

பதில்: இல்லை. பிள்ளை பெற்றோருக்கு அனுப்புகிற செலவுக்காசு உங்கள் வருமானம் ஆகாது. அதைச் செலவழிக்காமல் வைப்பில் போட்டு வட்டி வந்தால் அந்த வட்டி உங்கள் வருமானம், மேலே உவர்மலை மாஸ்டருக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும். அனுப்பிய சிட்டைகளை எறியவேண்டாம். நாளைக்கு யாராவது “இவ்வளவு பணம் எப்படி வந்தது” என்று கேட்டால் மகனுக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: கணவர் இறந்த பின் அவருடைய பென்சனில் எனக்கு வருகிறது. 15 இலட்சம் வைப்பில் இருக்கிறது. படிவம் கொடுக்க டின் இலக்கம் வேண்டும் என்கிறார்கள். டின் எடுத்தால் வரி வந்துவிடும், எடுக்காதே என்று அயலில் சொல்கிறார்கள். கொமினிகேசன் கடையில் எடுத்துத்தர 1,500 ரூபா கேட்டார்கள்.
— கிண்ணியா சகோதரி

பதில்: டின் என்பது ஒரு இலக்கம், அவ்வளவுதான். அடையாள அட்டை எடுத்ததால் யாராவது உங்களைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்களா? 18 வயது நிறைந்த எல்லோரும் எடுக்கவேண்டும் என்று 2023இலேயே அறிவித்துவிட்டார்கள், 2024இலிருந்து அது நடைமுறை. வரி வருவது வருமானத்தால். உங்கள் பென்சனையும் வட்டியையும் முழுதாகக் கூட்டினாலும் 18 இலட்சத்துக்குக் கிட்ட வராது. 15 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் வட்டி 1,20,000. டின் எடுக்காமல், படிவம் கொடுக்காமல் விட்டால் அதில் 12,000 ஒவ்வொரு வருடமும் போகும். அயலவர் சொல்லுக்குக் கொடுக்கிற விலை அது.

எடுப்பதற்கு அரசாங்கத்துக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டைப் படத்தை ஏற்றி விண்ணப்பிக்கலாம், வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் அதுவே போதும். தடக்குப்பட்டால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்குப் போன் எடுங்கள், தமிழில் பேசலாம். பலமுறை அடித்தும் எடுக்காமல் விட்டால் காலையில் எட்டரைக்கு முயலுங்கள், எனக்கு அந்த நேரத்தில்தான் கிடைத்தது. கடைக்காரப் பிள்ளையிடமே போவதென்றாலும் பிரச்சினையில்லை, ஆனால் 1,500 கூட. முந்நூறு கேளுங்கள்.